அறுபத்தெட்டுக்கு அறுபத்தெட்டு

என் பேத்தி பொறந்து இன்னியோட பதினேழு நாள். பேரு வில்லா. ஏழு பவுண்டு நாலு அவுன்ஸ். தூக்கத்துல சிரிக்கிறா. அது வாயுன்னு நர்ஸ் சொல்றா. சொல்லிட்டுப் போகட்டும், என்னப் பாத்துத்தான் சிரிக்கிறா.

எங்க ப்ரூயெட் ஊர்ல பாதி சனம் வந்து பாத்துட்டுப் போயிருச்சு. நேத்து ஆணிக்கடை லைல் வந்தான். கையில பொம்மைக்குப் போடுறாப்ல ஒரு குட்டிச் சட்டை. நெஞ்சுல 26–0 ன்னு அச்சடிச்சிருக்கு. எங்க காலேஜ் பாஸ்கெட்பால் டீம் எண்பத்தேழுல ஒரு ஆட்டம்கூடத் தோக்காம முடிச்சாங்களே, அந்தக் கணக்கு. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த நம்பரப் போட்டுச் சட்டை விக்கிறாங்க.

லைல் புள்ளயப் பாத்துட்டு, "அப்பிடியே உன் மூக்கு, பாவம்"னான். அப்புறம் சட்டையத் தடவிக்கிட்டே சொன்னான், "இந்த நம்பரே இருந்திருக்காது மெர்லு. உன் பக்கத்துல உக்காந்து ஸ்கோர் எழுதுச்சே ஓர்ஃபா, அது தப்பாக் கூட்டி மொத்தத்தையும் கெடுக்கப் பாத்துச்சு. மறந்துட்டியா?"

புள்ள என் தோள்ல தூங்குது. கத்த முடியல. "வாய மூடுடா"ன்னு மெதுவா சொன்னேன். மெதுவா சொன்னா லைல் எங்க கேக்கப் போறான்? அதான் உக்காந்து எழுதுறேன். நான் பத்தாவதோட நின்னவன். எழுத்துல தப்பிருக்கும், பொறுத்துக்குங்க.

ஓர்ஃபாக்கா முழுப்பேரு ஓர்ஃபா டில்மன். போய்ச் சேந்து பன்னெண்டு வருஷமாச்சு. கவுண்டி ரோட்டுல சோளம் போட்ட குடும்பத்துல நாலாவது பொண்ணு. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பத்தொம்போது வயசுல தானியக் கிடங்குல வேல பாத்த வெர்ன்னக் கட்டிக்கிச்சு. அஞ்சு வருஷத்துல அந்த ஆளு நெஞ்சு வலி வந்து போயிட்டான். புள்ளகுட்டி இல்ல. மறுபடி கட்டிக்கலையான்னு யாராவது கேட்டா, "ஒருத்தன் சட்டையத் தொவைச்சது போதும்"னு சொல்லும். சொல்லிட்டு காலேஜ் லாண்டரில வேலைக்குச் சேந்து நானூறு பேரு சட்டையத் தொவைச்சுது.

டீம் சட்டையெல்லாம் அக்கா கைக்குத்தான் வரும். ரத்தக்கறைக்குப் பச்சத்தண்ணி, வேர்வைக்கு வினிகர், சூயிங்கம் ஒட்டுனா ஐஸ் கட்டி. எவன் சட்டையில என்ன கறைன்னு பாத்து அவன் ராத்திரி எங்க போனான்னு சொல்லிரும். பசங்களுக்கு கோச்ச விட அக்காகிட்டதான் பயம்.

ஸ்கோர் எழுத வந்தது அம்பத்தெட்டுல. அதுக்கு முன்னாடி முடிவெட்டுற ஓட்டிஸ் எழுதிட்டு இருந்தாரு. சீசன் மொத ஆட்டத்தன்னிக்கு அவருக்குப் பல்லு புடுங்கி, மூஞ்சி பூசணியாட்டம் வீங்கிப் போச்சு. அக்கா துண்டு கொண்டாந்து வைக்க ஜிம்முக்குள்ள வந்துச்சு. அப்ப இருந்த கோச் பாத்தாரு.

"ஓர்ஃபா, உனக்கு எண்ணத் தெரியுமா?"

"துண்டு எண்ணத் தெரியும்."

"போதும். உக்காரு."

ஓட்டிஸுக்கு மூணு நாள்ல வீக்கம் வடிஞ்சுது. ஆனா நாற்காலி திரும்பக் கெடைக்கல. அக்கா இருபத்தொம்போது வருஷம் உக்காந்துச்சு.

மொத பாதிக்கு கறுப்புப் பென்சில், ரெண்டாம் பாதிக்கு சிவப்பு. ரப்பர் கிட்டயே வச்சுக்காது. ரெஃப்ரிங்க மாதிரியே கறுப்பு வெள்ளக் கோடு போட்ட சட்டை, வாயில புதினா மிட்டாய். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு நோட்டு. சீசன் முடிஞ்சா லாண்டரில சோப்புத்தூள் டப்பா வைக்கிற பலகைக்கு மேல வரிசையா அடுக்கிரும். கடைசிப் பக்கத்துல நடுவுல ஒரு கோடு கிழிச்சு, இந்தப் பக்கம் ஜெயிச்சது, அந்தப் பக்கம் தோத்தது. எந்த நோட்ட எடுத்தாலும் தோத்த பக்கம்தான் நீளமா இருக்கும். ஒரு வருஷம் ரெண்டே ரெண்டு ஆட்டம் ஜெயிச்சோம். அதுல ஒண்ணு, எதிர் டீம் பஸ்ஸு பனியில மாட்டி வராததால கெடைச்சுது.

நான் எண்பத்திரெண்டுல சேந்தேன். எனக்குக் காலேஜ்ல பாய்லர் வேல. ஆட்டம் இருந்தா ஸ்கோர் போர்டும் நான்தான். அக்காவுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் வந்த டீமோட ஸ்கோர் எழுதுறவங்க. மொத நாளே அக்கா வேலைய எனக்குச் சொல்லிக் குடுத்துருச்சு. கூடையில பந்து விழுந்ததும் அக்கா சட்டை நம்பரையும் பாயிண்டையும் சொல்லும். "இருவத்திரெண்டு, ரெண்டு." நான் பொத்தான அமுக்கிட்டு மொத்தத்தச் சொல்லணும். "நாப்பது." அக்கா நோட்டுல ஒத்துப் பாத்துட்டு, "ஆச்சு." அந்த ஆச்சு வராம நான் அடுத்த பொத்தான்ல கைய வைக்கக்கூடாது. அவ்வளவுதான் வேல.

அக்கா மட்டும் போர்ட நிமிந்தே பாக்காது. ஏன்க்கான்னு ஒரு நாள் கேட்டேன். "போர்டப் பாத்து நான் எழுதுறதா இருந்தா நான் எதுக்குடா? என்னப் பாத்துத்தான் போர்டு நடக்கணும்."

சரி, அந்த சீசனுக்கு வர்றேன். கோச் ராயல் ஸ்டேம்பருக்கு அது மூணாவது வருஷம். கோவக்காரரு, டைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டே நிப்பாரு. டீம்ல டாரல் பின்னிக்னு ஒரு ஒல்லிப் பையன், நம்பர் இருவத்திரெண்டு. வெளக்குமாத்துக்குக் கை முளைச்சாப்ல இருப்பான். ஆனா கையிலேர்ந்து பந்து போனா கூடையத் தேடிட்டுப் போகும். அந்த வருஷம்தான் மூணு பாயிண்ட் கோடு புதுசா வந்துச்சு. கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா மூணு, கோட்ட மிதிச்சா ரெண்டு. எங்க ஜிம்ல பெயின்ட் அடிக்கக்கூட நேரமில்ல, நாடா ஒட்டியிருந்தாங்க. பின்னிக்குக்காகவே அந்தக் கோடு வந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு அமுக்கியே பழகுன என் விரலுக்குத்தான் ஆகல. அந்த சீசன்ல நாலஞ்சு தடவ மாத்தி அமுக்கியிருக்கேன். அக்காகிட்டேர்ந்து ஆச்சு வராது. உடனே திருத்திருவேன். யாருக்கும் தெரியாது.

அஞ்சு ஆட்டம் ஜெயிச்சோம், பத்து ஜெயிச்சோம். பதினஞ்சாவதுக்கு அப்புறம் ஊரே வேற மாதிரி ஆயிருச்சு. பாஸ்டர் பிரசங்கத்தப் பாதியா வெட்டிட்டாரு. பேங்க் வாசல்ல வெப்பநிலை காட்டுற போர்டுல வெப்பநிலைய எடுத்துட்டு ஸ்கோர் போட்டாங்க. பெக்ஸ் சாப்பாட்டுக் கடையில பொரிச்ச பன்றிக்கறி ரொட்டிக்குப் பின்னிக் ரொட்டின்னு பேரு வச்சாங்க.

ஒரு நாள் லாண்டரிக்குப் போனேன். அக்கா நோட்டோட கடைசிப் பக்கத்தத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருந்துச்சு. ஜெயிச்ச பக்கம் ரொம்பி வழியுது. தோத்த பக்கம் காலி.

"இந்தப் பக்கத்த நான் வெள்ளையாப் பாத்ததே இல்லடா மெர்லு. ப்ளீச் போட்டாப்ல இருக்கு பாரு."

"இன்னும் எட்டு ஆட்டம் இருக்குக்கா. கண்ணு வைக்காதீங்க."

"ஒரு தடவ. இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ இந்தப் பக்கத்த இப்பிடியே மூடி மேல வைக்கணும். அதுக்கப்புறம் என்னைய யாரு தூக்கிட்டுப் போனாலும் சரி."

கோச்சுக்கு அடுத்த வேல கெடைக்கும், பசங்களுக்குப் பேரு கெடைக்கும். அக்காவுக்கு அதுல ஒண்ணும் கெடையாது, அந்தக் காலிப் பக்கம் மட்டும்தான். அதுமேல இருந்த ஆச மாதிரி அந்த ஊர்ல வேற எவனுக்கும் இல்ல. பக்கத்துல உக்காந்தவன் நான் சொல்றேன்.

இருபத்தஞ்சு ஆச்சு. இருபத்தாறாவதுதான் கடைசி. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழம, மத்தியானம் மூணு மணிக்கு, எங்க ஜிம்லயே, ஹேடன் காலேஜோட. வெளிய முழங்கால் வரைக்கும் பனி. உள்ள நான் பாய்லர ஏத்தி விட்டிருந்தேன், கோட்டெல்லாம் கழட்டி மடியில வச்சிட்டு உக்காந்திருந்தாங்க. ஆயிரத்தி நூறு பேரு உக்கார்ற எடத்துல ஆயிரத்தி நானூறு பேரு. கூட்டம் சேராமப் பாக்க வேண்டிய ஃபயர் சர்வீஸ் தலைவரே படிக்கட்ட மறிச்சு நின்னு கத்திட்டு இருந்தாரு.

ஹேடன் ஸ்கோர் எழுத வந்தவரு வழுக்கத்தல வாத்தியாரு, கெமிஸ்ட்ரி எடுக்குறவராம். பச்ச ஸ்வெட்டர். அக்கா ஒரு புதினா மிட்டாய் குடுத்துச்சு, ரொம்ப மரியாதையா வாங்கி வாயில போட்டுக்கிட்டாரு. ரெஃப்ரி லெஸ்டர் விட்டேக்கர், எங்களுக்குப் பழகுன ஆளு. நல்ல மனுஷன், கண்ணு மட்டும் கொஞ்சம் அப்பிடி இப்பிடி.

ஹேடன் பசங்க நல்லா ஆடுனாங்க, சும்மா சொல்லக்கூடாது. கடைசி நிமிஷத்துல அவங்க அறுபத்தெட்டு, நாங்க அறுபத்தாறு. முப்பத்தஞ்சு செகண்ட் இருக்கு. பந்து பின்னிக்கிட்ட வந்துச்சு. எங்க மேசைக்கு நேர் எதிர் மூலையில நின்னான். எழும்புனான், விட்டான். பந்து உள்ள போச்சு.

ஆயிரத்தி நானூறு பேரும் மூணு விரலத் தூக்குனாங்க. நான் மூணு அமுக்கிட்டேன். போர்டுல அறுபத்தொம்போது, அறுபத்தெட்டு.

லெஸ்டர் ரெண்டு விரலக் கீழ காட்டுனாரு. பின்னிக் கால் பெருவிரல் நாடாமேல இருந்திருக்கு. நான் லெஸ்டரப் பாக்கல, கூட்டத்தப் பாத்தேன். அக்கா "இருவத்திரெண்டு, ரெண்டு"ன்னு சொல்லியிருக்கு. எங்களுக்குப் பின்னாடிதான் பேண்டு, பெரிய மேளத்த அடிச்சுத் தள்ளுறானுங்க. அக்கா சொன்னது எனக்குக் கேக்கல, நான் அறுபத்தொம்போதுன்னு சொன்னது அக்காவுக்குக் கேக்கல. ஆச்சு வரல. நான் காத்திருக்கவும் இல்ல. ஆட்டம் ஓடிட்டு இருக்கு, கடிகாரம் வேற என் கையில.

ஹேடன்காரங்க ஒண்ணு பின்னாடி இருக்கோம்னு நெனச்சு அடிச்சுப் புடிச்சு ஓடி வந்து அவசரத்துல எறிஞ்சாங்க. வளையத்துல பட்டு வெளிய வந்துச்சு. எங்க பையன் புடிச்சு பின்னிக்கிட்ட குடுத்தான். எட்டு செகண்ட். கோச் ஸ்டேம்பர், "வச்சுக்க! வச்சுக்க! எறியாத!"ன்னு தொண்ட கிழியக் கத்துறாரு. பின்னிக் பந்தத் தட்டிக்கிட்டே சுத்திச் சுத்தி ஓடுனான். ஹார்ன் அடிச்சுது.

ஜனம் அப்பிடியே தளத்துல கொட்டுச்சு. பின்னிக்கத் தோள்ல தூக்கிட்டாங்க. யாரோட தொப்பியோ என் போர்டு பெட்டி மேல விழுந்துச்சு. ஜெயிச்சா கூடையோட வலைய வெட்டி எடுக்குறது எங்க பக்கத்து வழக்கம். ஒருத்தன் கத்திரிக்கோலோட ஏணியில ஏறிட்டான்.

லெஸ்டர் கழுத்துல துண்டோட மேசைக்கு வந்தாரு. ஆட்டம் முடிஞ்சா அவரு, "சரியா ஓர்ஃபா?"ன்னு கேப்பாரு. அக்கா தலைய ஆட்டும். அவரு வெளிய போயிருவாரு. அவரு கதவத் தாண்டிட்டா முடிஞ்சுது, அதுக்கப்புறம் எந்த நோட்டுல என்ன இருந்தாலும் போர்டுல இருக்குறதுதான் ஸ்கோரு.

"சரியா ஓர்ஃபா?"

அக்கா தலைய ஆட்டல. சிவப்புப் பென்சில் முனையால ஒவ்வொரு கட்டமாத் தொட்டுக்கிட்டே போச்சு. அப்புறம் நிமிந்து போர்டப் பாத்துச்சு.

"மெர்லு, பின்னிக் கடைசியாப் போட்டதுக்கு எத்தன அமுக்குன?"

"மூணு."

"லெஸ்டரு ரெண்டு காட்டுனாரு."

அக்கா இந்தப் பக்கம் திரும்பி வாத்தியாரக் கேட்டுச்சு, "சார், உங்க நோட்டுல எவ்வளவு?"

அவரு பைய மூடிட்டு இருந்தாரு. "அறுபத்தொம்போது, அறுபத்தெட்டும்மா. நல்ல ஆட்டம். உங்களுக்கு வாழ்த்துகள்."

போர்டப் பாத்து எழுதியிருக்காரு பாவம். ஆக, போர்டு அறுபத்தொம்போது, எதிராளி நோட்டு அறுபத்தொம்போது, ஆயிரத்தி நானூறு வாயும் அறுபத்தொம்போது. அக்கா நோட்டு ஒண்ணுதான் அறுபத்தெட்டு.

அப்ப நான் சொன்னதையும் எழுதிர்றேன். "அக்கா, அவங்களே அறுபத்தொம்போதுன்னுதான எழுதியிருக்காங்க"ன்னேன்.

"அது அவங்க நோட்டு."

"அக்கா, இருபத்தாறுக்கா. அந்தப் பக்கம் வெள்ளையா…"

"எனக்குத் தெரியாதா அது?"

வாயிலேர்ந்த மிட்டாய எடுத்துக் காகிதத்துல சுத்தி வச்சுச்சு. லெஸ்டர் ஒரு கால வாசப்பக்கம் வச்சுட்டாரு. "ஓர்ஃபா, நான் கெளம்பலாமா? வெளிய பனி கொட்டுது."

அக்கா எழுந்து நின்னுச்சு. "போகாதீங்க லெஸ்டரு. அறுபத்தெட்டுக்கு அறுபத்தெட்டு."

"என்னது?"

"பின்னிக்குக்கு நீங்க எத்தன காட்டுனீங்க?"

லெஸ்டர் கண்ண மூடி யோசிச்சாரு. "ரெண்டு. பெருவிரல் கோட்டு மேல." கண்ணத் தொறந்து போர்டப் பாத்தாரு. "அட கடவுளே." தளத்தப் பாத்தாரு. அங்க ஐநூறு பேரு குதிச்சிட்டு இருக்கான். "இவங்கள எல்லாம் எப்பிடிம்மா எடத்துக்கு அனுப்புறது?"

"விசிலு உங்ககிட்டதான இருக்கு."

விசில் ஊதுனா யாரு கேக்குறா? மைக்ல சொன்னாங்க, ஸ்கோர்ல ஒரு தப்பு நடந்திருக்கு, எல்லாரும் எடத்துக்குப் போங்கன்னு. எல்லாத் தலையும் எங்க மேசைப்பக்கம் திரும்புச்சு. அக்கா நின்னுட்டு இருக்கு. நான் உக்காந்திருக்கேன். ஊரு அந்த நொடியிலயே யாரு தப்புன்னு முடிவு பண்ணிருச்சு.

கோச் ஸ்டேம்பர் பாய்ஞ்சு வந்தாரு. டை பாதி வாயில இருக்கு. "என்ன பண்ற ஓர்ஃபா நீ?"

"சமம் கோச்."

"சமம்னு தெரிஞ்சிருந்தா நான் பந்த வச்சுக்கச் சொல்லியிருப்பனா? பின்னிக் கையில பந்து, எட்டு செகண்ட்! எறியச் சொல்லியிருப்பேன்!"

"ஆமா. சொல்லியிருக்கலாம்."

"அந்த எட்டு செகண்ட எனக்குத் திருப்பிக் குடுப்பியா?"

"அது என் கையில இல்ல கோச்."

ஹேடன் கோச்சும் வந்துட்டாரு. பின்னாடி இருக்கோம்னு நெனச்சுத்தான நாங்க அவசரப்பட்டோம், எங்களுக்கு யாரு பதில் சொல்றதுன்னு அவரு ஒரு பக்கம். லெஸ்டர் ரெண்டு பேரையும் கையால தள்ளிட்டு, "நட்டமும் ரெண்டு பேருக்கும் சமம், ஸ்கோரும் சமம். எக்ஸ்ட்ரா டைம் அஞ்சு நிமிஷம். போங்க"ன்னாரு.

போறதுக்கு வலை இல்ல. வெட்டியாச்சு. வெட்டுனவன் யாருங்கிறீங்க? ஆணிக்கடை லைல்தான். ரெண்டு துண்டாக்கி ஒண்ணக் கழுத்துல மாலையாட்டம் போட்டிருந்தான். நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடிப் புது வலை எடுத்துட்டு வந்து, ஏணியில ஏறி, பன்னெண்டு கொக்கியிலயும் மாட்டுறேன். கீழேர்ந்து சோளப்பொரி வந்து முதுகுல விழுது. "சீக்கிரம்டா! கல்யாணத்துக்குத் தோரணமா கட்டுற?"ன்னு ஒருத்தன். தளத்தத் தொடைச்சு முடிக்க இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த இருபத்தஞ்சு நிமிஷமும் அக்கா நாற்காலிய விட்டு அசையல. பின்னாடி வரிசையில ஒரு பொம்பள, நாலு வருஷமா அக்கா பக்கத்து வீட்டுக்காரி, சத்தமா சொல்லுச்சு, "முப்பது வருஷமா உக்காந்தா கண்ணு எங்க தெரியும்." அக்கா திரும்பிப் பாக்கல. பென்சில சீவுச்சு.

எக்ஸ்ட்ரா டைம்ல மொதக் கூடை ஹேடனுது. அடுத்ததும் அவங்களுது. நாலு பின்னாடி. என் கை வேர்த்துப் பொத்தான் வழுக்குது. பின்னிக் ரெண்டு தடவ எறிஞ்சான், ரெண்டும் வெளிய. அவனுக்கு மனசு ஒடஞ்சு போச்சு, மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. தோள்லேர்ந்து எறக்கி விட்டவனுக்கு வேற எப்பிடி இருக்கும்? அப்புறம் எங்க நெட்டப் பையன், ஓடம்னு பேரு, ஒரு கூடை போட்டான், அடிபட்டதுக்குக் குடுக்குற ஒத்தப் பாயிண்ட் ஃப்ரீ த்ரோவும் போட்டான். ஒண்ணு பின்னாடி. ஹேடன் ஒண்ணு, நாங்க ரெண்டு. சமம். கடைசி ஒரு நிமிஷத்துல பின்னிக் அதே மூலையில நின்னான். இந்தத் தடவ குனிஞ்சு கோட்டப் பாத்துட்டு ஒரு அடி பின்னாடி வச்சான். சத்தியமா பாத்தேன். எறிஞ்சான்.

"இருவத்திரெண்டு, மூணு"ன்னு அக்கா என் காதுலயே சொல்லுச்சு.

"எழுபத்தாறு."

"ஆச்சு."

கடைசியா எழுபத்தேழு, எழுபத்துநாலு. ஹார்ன் அடிச்சுது. ஒருத்தன்கூட எறங்கல. ஆயிரத்தி நானூறு பேரும் எழுந்து நின்னு எங்க மேசையவே பாக்குறாங்க. பேண்டுகூட அடிக்கல.

லெஸ்டர் வந்தாரு. "சரியா ஓர்ஃபா?"

அக்கா மொத பாதியிலேர்ந்து ஆரம்பிச்சுச்சு. கறுப்புக் கட்டம் எல்லாம், அப்புறம் சிவப்பு எல்லாம். "வேணும்னே பண்ணுது பாரு"ன்னு எவனோ பல்லக் கடிச்சான். ரெண்டு நிமிஷம் இருக்கும். வாத்தியாரும் அவரு நோட்டத் தொறந்து, விரல வச்சு, அக்காவோட சேந்து எண்ணுனாரு.

"எழுபத்தேழு, எழுபத்துநாலு. சரி."

அப்பத்தான் கூர பிச்சுக்கிட்டுப் போச்சு. லைல் கத்திரிக்கோலத் தூக்கிட்டு மேசைக்கு வந்து, "வெட்டலாமாக்கா?"ன்னு கேட்டான்.

"வெட்டு."

எங்க லீக்கு சின்னது, பெரிய போட்டிக்கெல்லாம் எங்களக் கூப்பிடல. சீசன் அதோட முடிஞ்சுது. இருபத்தாறு, சைபர். திங்கக்கிழம அக்கா நோட்ட மூடிப் பலகையில வச்சுருச்சு.

அன்னிக்குக் காலையில பெக்ஸ் கடையில இதே பேச்சுதான். "ஓர்ஃபாவுக்குக் கை விரல் பத்தலயாம். அடுத்த வருஷம் செருப்பக் கழட்டிட்டு உக்காரச் சொல்லு." எல்லாம் சிரிக்கிறான். நான் காப்பியக் கீழ வச்சேன். "தப்பு என்னுது. நான்தான் மூணு அமுக்குனேன். அக்கா சரியாத்தான் எழுதியிருந்துச்சு."

அப்புறம் லைல் என் முதுகுல தட்டி, "நல்லவன்டா நீ மெர்லு. அந்தப் பொம்பளைக்காக இப்பிடிப் பேச வேற எவன் இருக்கான்?"னான். இன்னொருத்தன் என் காப்பிக்குக் காசு குடுத்துட்டான். நம்பவே மாட்டேங்குறானுங்க.

லாண்டரிக்குப் போயி அக்காகிட்ட சொன்னேன். சட்டைய மடிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"நீ சொல்லச் சொல்ல அவனுங்களுக்கு என் மேல பரிதாபந்தான் ஜாஸ்தியாகும். விட்டுரு."

"நீங்க சொன்னா நம்புவாங்கக்கா."

"நான் சொன்னா, தப்ப உன் தலையில கட்டுறேன்னு சொல்லுவானுங்க. நோட்டு இங்கதான் இருக்கு. பாக்கணும்கிறவன் வந்து பாக்கட்டும்."

ஒருத்தனும் வரல.

கோச் ஸ்டேம்பர் மட்டும் அந்த எட்டு செகண்ட விடவே இல்ல. துண்டு வாங்க வரும்போதெல்லாம், "எறிஞ்சிருப்பான் ஓர்ஃபா, போட்டிருப்பான்"பாரு. "போட்டிருப்பான் கோச்"னு அக்காவும் ஒத்துக்கும். துண்டக் குடுக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அவரு வேற காலேஜுக்குப் போற வரைக்கும் இதே பேச்சுதான்.

செப்டம்பர்ல ஆபீஸ்லேர்ந்து அக்காவுக்கு ஒரு கடுதாசி. இருபத்தொம்போது வருஷத்துக்கு நன்றி, இனிமே வேற ஆள உக்கார வைக்கிறோம், ஓய்வெடுங்கன்னு. கூடவே மரத்துல செஞ்ச ஒரு பலகை, அக்கா பேரப் பொறிச்சு. மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. யாரும் தப்பு பத்தி ஒரு வார்த்த எழுதல. எழுதாட்டி என்ன, எல்லாருக்கும் தெரியும்ல. எனக்குக் கோவம் வந்து, நானும் போர்டு வேலைய விட்டுர்றேன்னேன்.

"விட்டுட்டு? புதுசா வர்றவளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? போய் உக்காருடா."

நான் போய் உக்காந்தேன். வேற என்ன பண்ண?

நவம்பர்ல சீசன் மொத ஆட்டம். பின்னிக் படிப்ப முடிச்சுட்டுப் போயிட்டான், நெட்டப் பையனுக்கு முட்டியில அடி. அக்கா எல்லாரையும் போல டிக்கெட் வாங்கிட்டு, எங்க மேசைக்குப் பின்னாடி மூணாவது வரிசையில வந்து உக்காந்துச்சு. நீலத்துல பூப்போட்ட சட்டை. அக்காவ நான் ஜிம்முக்குள்ள கோடு போடாத சட்டையில பாத்ததே இல்ல.

மேசையில உக்காந்தவங்க கை தட்டக்கூடாது, கத்தக்கூடாது, அது சட்டம். இருபத்தொம்போது வருஷமா வாயத் தொறக்காத பொம்பள. ஆட்டம் ஆரம்பிச்சு நாலு நிமிஷம் இருக்கும். லெஸ்டர் எங்க பையன் மேல ஒரு ஃபவுல் ஊதுனாரு. பின்னாடிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு பாருங்க, பாய்லர் வெடிச்சிருச்சோன்னு நான் எழுந்தே நின்னுட்டேன்.

"லெஸ்டரு! கண்ணாடியத் தொடச்சுட்டு மாட்டுய்யா!"

லெஸ்டர் திரும்பிக் கூட்டத்தத் தேடுனாரு. அக்கா ரெண்டு கையையும் வாய்க்கு ரெண்டு பக்கமும் வச்சு அடுத்தத ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டுக்காரி நாலு எடம் தள்ளிப் போய் உக்காந்தா. பாதி ஆட்டம் முடிஞ்சப்ப லெஸ்டர் எங்க மேசைக்கு வந்து, தண்ணி குடிச்சுக்கிட்டே, "இந்தப் பொம்பளய யாருய்யா எழுப்பி அங்க உக்கார வச்சது?"ன்னு கேட்டாரு.

அந்த வருஷம் பதினோரு ஆட்டம் தோத்தோம். பதினொண்ணுலயும் கடைசி ஹார்ன் வரைக்கும் உக்காந்து, தொண்ட கட்டுற அளவுக்குக் கத்திட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போச்சு.